கீழே தொங்கிய கார்பன்

ஒன்பதாவது விடைத்தாளில் அந்தப் பிள்ளை ஒரே ஆளை இரண்டு தரம் எண்ணியிருந்தது. நாலு கார்பன், பத்து ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் கொண்ட ஆல்கஹால்களின் அமைப்பு வாய்பாடுகளை வரைக என்று கேட்டால் நாலுதான் வரும், தலைகீழாக நின்றாலும் நாலுக்கு மேல் வராது, ஆனால் வருஷா வருஷம் ஏதாவது ஒரு பிள்ளை ஐந்தாவதாக ஒன்றைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றிப் பெருமையாகக் கட்டமும் போட்டு வைக்கும். வேறொன்றுமில்லை, மூன்றாவது அமைப்பையே கொஞ்சம் திருப்பிப் போட்டு வரைந்திருக்கும். படுத்திருக்கிறவனும் உட்கார்ந்திருக்கிறவனும் ஒரே ஆள்தானே என்று சந்தனமாரி வகுப்பில் இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிவருகிறாள், கையை மடக்கினால் வேறு ஆளாகிவிடுவாயா, யாரோடு யார் கை கோத்திருக்கிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும் என்பாள், பிள்ளைகள் சிரிக்கும், சிரித்துவிட்டுப் பரீட்சையில் இப்படி வரைந்து வைக்கும். விருதுநகரில் தனியார் பள்ளி ஒன்றின் மாடியில் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் விடைத்தாள் திருத்தும் முகாம், ஆறாம் நாள் காலை, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான பெஞ்சில் ஐம்பது வயதுக்காரர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள், மின்விசிறி அனலை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது, காலையில் பன்னிரண்டு தாள் மாலையில் பன்னிரண்டு தாள், அதற்குள் முதுகு விட்டுப்போகிறது. அவள் ஐந்தாவது அமைப்பின் மேல் குறுக்குக்கோடு போட்டாள். பக்கத்தில் சிவப்பு மையில் ‘மூன்றும் ஐந்தும் ஒன்றே’ என்று எழுதினாள். எழுதி முடித்த பிறகுதான் கை நின்றது. வரிசையாக மூன்று கார்பன், நடுக்கார்பனுக்குக் கீழே இன்னொரு கார்பன் தொங்குகிறது, அதன் காலடியில் ஓஹெச். மூன்றும் ஐந்தும் ஒன்றே. அப்படியானால் நேற்று? நேற்றுச் சாயங்காலம் இதே உருவத்தைத்தானே தப்பு என்று அடித்தேன்?

இல்லை, அது வேறாக இருக்கும். வேறாகத்தான் இருக்க வேண்டும். நேற்றைய தாளில் கீழே தொங்கியது வெறும் ஓஹெச்சாக இருந்திருக்கும், அப்படி இருந்தால் ஒரு கார்பன் குறைவு, தப்புதான், அடித்தது சரிதான். அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். கண்ணை மூடினால் மறந்துபோக வேண்டியதெல்லாம்தான் துலக்கமாகத் தெரிகிறது. உருண்டையான கையெழுத்து. பிணைப்புக் கோடு ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் போட்டிருந்தது அந்தப் பிள்ளை. மற்றப் பக்கங்களில் எல்லாம் கேள்வியையே திருப்பி எழுதித் தட்டுத்தடுமாறி வந்த பிள்ளை இந்த ஒரு பக்கத்தில் மட்டும் நிமிர்ந்து நடந்திருந்தது, முதலில் ஒரே வாய்பாட்டுக்கு வேறு வேறு அமைப்பு என்கிற மாற்றியத்தின் வரையறை, அதற்குக் கீழே நாலு அமைப்புகள். அதைப் பார்த்து அவளுக்கு என்ன தோன்றியது? கோடு போட நேரமிருக்கிறது, படிக்க நேரமில்லை என்று தோன்றியது. தொங்கிய கார்பன் இருந்தது. கார்பனும் அதோடு இரண்டு ஹைட்ரஜனும் இருந்தன, அந்த இரண்டு கொஞ்சம் அழிந்து மறுபடி எழுதப்பட்டிருந்தது, அழித்த இடத்தில் தாள் மழமழவென்று தேய்ந்திருந்தது, அது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. பிறகு எப்படி அடித்தாள்? எப்படி என்ன எப்படி, முகாமில் கொடுத்த விடைக்குறிப்பை, அந்தக் கீயைப் பார்த்து அடித்தாள். கீயில் அதே கார்பன் வலப்பக்கம் படுத்திருந்தது, பிள்ளை அதைக் கீழே தொங்கவிட்டிருந்தது. படத்தோடு படம் பொருந்தவில்லை. மூன்று கார்பன் வரிசையும் கீழே ஓஹெச்சும்தான் கண்ணுக்குத் தெரிந்தது, கார்பன் குறையுது என்று கை ஓடிவிட்டது. வேதியியலில் முதுகலை, மதுரையில் படித்தது, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இடம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கிற மாதிரி படத்தோடு படத்தை ஒட்டிப் பார்த்திருக்கிறாள். ஒரு அமைப்புக்கு ஒரு மதிப்பெண். ஒன்றே ஒன்று. அந்த ஒன்று மட்டும் வேறு எந்தத் தாளிலாவது போயிருந்தால் போய்த் தொலைகிறது என்று விட்டிருக்கலாம். அந்தத் தாளின் கூட்டுத்தொகை பதினாலு. எழுத்துத் தேர்வில் எழுபதுக்குப் பதினைந்து எடுத்தால்தான் தேர்ச்சி, செய்முறையில் முப்பதுக்கு முப்பது வாங்கியிருந்தாலும் பதினாலு என்றால் பதினாலுதான்.

பதினாலு வந்தால் முகாமில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்காது, ஆனால் எல்லாருக்கும் தெரியும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஒரு நடை போக வேண்டும், எங்காவது ஒரு சமன்பாட்டில் அரை, எங்காவது ஒரு வரையறையில் அரை, தேடினால் கிடைக்கும், தேடினால் கிடைக்காத தாளை அவள் பார்த்ததே இல்லை. பக்கத்து பெஞ்சு ஜெபக்கனி டீச்சர் நேற்றே சொன்னாள், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மாறுதலில் வந்தவள், அடுத்தவர் தாளையும் எட்டிப் பார்க்கிற பழக்கம் உள்ளவள். “பதினாலா? ஐயோ, எங்கயாவது ஒண்ணு ஒளிஞ்சிருக்கும், நல்லாப் பாருங்க டீச்சர்.” சந்தனமாரி என்ன சொன்னாள்? “நாம என்ன தர்மமா போடுதோம்?” என்றாள். ஒளிந்திருந்தது. அவளே குறுக்குக்கோடு போட்டு ஒளித்து வைத்திருந்தாள். ஜெபக்கனி தன் தாளுக்குத் திரும்பிக்கொண்டாள். அவளை ஏன் அப்படிக் கடித்தேன்? தெரியாதா என்ன, அதற்குப் பத்து நிமிஷம் முன்னால்தான் செல்போனில் பதவி உயர்வுப் பட்டியல் வந்திருந்தது. தலைமையாசிரியர் பட்டியலில் கல்லூரியில் கூடப் படித்த தனுஷ்கோடி முப்பத்தெட்டு, சந்தனமாரி முப்பத்தொன்பது. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், அவன் இரண்டு மாதம் மூத்தவன், அதனால் அவனுக்கு முப்பத்தெட்டு. இரண்டு மாதம் முன்னால் பிறந்ததைத் தவிர அவன் என்ன கிழித்தான்? அவளுடைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதித்தானே பட்டம் வாங்கினான், அவளுடைய பென்சிலைக்கூடத் திருப்பித் தரவில்லை. ஒரே ஆய்வகம், ஒரே மேசை, அவன் இந்தப் பக்கம் அவள் அந்தப் பக்கம், பியூட்டனால் என்கிற அந்த நாலு கார்பன் ஆல்கஹாலின் வாடை உடம்பெல்லாம் ஏறி இரண்டு பேரும் பஸ்ஸில் தனியாக நிற்பார்கள். அப்போது “ஏய் சந்தனம்” என்பான். இப்போது ஹாலின் முன்னால் மேசை போட்டு முதன்மைத் தேர்வாளராக உட்கார்ந்துகொண்டு ‘மேடம்’ என்கிறான், அவளும் ‘சார்’ என்கிறாள். தேர்ச்சி பெறாத தாளையெல்லாம் அவனிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும், அவன் மறுபடி திருத்திப் பார்க்க வேண்டும். நேற்று அவன் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தான், “வேற எங்கயும் போட முடியாதா மேடம்?” என்றான், “முடியாது சார்” என்றாள், பச்சை மையில் கையெழுத்துப் போட்டுவிட்டான். அவனும் அந்தக் கார்பனைப் பார்க்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, இருந்துவிட்டு உடனே அசிங்கமாகவும் இருந்தது.

பத்தாவது தாள். திருத்து, சந்தனமாரி, முதலில் கையில் இருப்பதைத் திருத்து. ஒரு மதிப்பெண் வினாக்கள், அ, இ, ஆ, ஈ. நேற்றைய கட்டு நேற்றே முத்திரை வைத்துக் கீழே போய்விட்டது, மதிப்பெண் கணினியில் ஏறியிருக்கும். திருப்பி எடுக்க வேண்டுமென்றால் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் இன்ன தாளில் இன்ன விடையைத் தவறாக மதிப்பிட்டுவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதிக் கொடுத்தால் முகாம் அலுவலர் அதை மேலே அனுப்புவார், மேலே இருப்பவர் இன்னும் மேலே அனுப்புவார், யாரும் கையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், சுடுசோற்றைப் போலக் கை மாற்றிக் கை மாற்றி அனுப்புவார்கள், கடைசியில் திரும்பி வரும்போது பதினேழு பி என்று வரும். குற்றக் குறிப்பாணை. அது முடிய மூன்று வருஷமும் ஆகலாம், ஐந்து வருஷமும் ஆகலாம், முடிகிற வரைக்கும் பதவி உயர்வு கிடையாது, முடிகிற நேரத்தில் அவளே ஓய்வுபெறுகிற வயதில் இருப்பாள். திருத்தங்கல் பள்ளியில் கமலவேணி டீச்சருக்குக் கூட்டல் தப்பு ஒன்றுக்காக வந்தது, வெறும் கூட்டல், அதற்கப்புறம் அந்த டீச்சர் கூட்டும்போதெல்லாம் விரல் விட்டு எண்ணுவாள், சந்தைக்குப் போனாலும் எண்ணுவாள் என்று கேலி பேசுவார்கள். அவளும் சேர்ந்து கேலி பேசியிருக்கிறாள். தலைமையாசிரியர் நாற்காலி அப்படி ஒன்றும் சொர்க்கமில்லை, தெரியும், கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்பதிலிருந்து எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆனாலும் வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகக் கரும்பலகைத் தூளைத் தின்றதற்கு ஒரு கதவில் தன் பெயர் எழுதியிருக்க வேண்டும். அதை ஆசை என்று சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். வினா இருபத்தெட்டு, சரி, இரண்டு. வினா இருபத்தொன்பது, எழுதவில்லை.

ஒரு வருஷமா போய்விடப் போகிறது? ஜூனில் துணைத் தேர்வு இருக்கிறது, அந்தப் பிள்ளை மறுபடி எழுதும், இருபது வாங்கும், அதே வருஷம் கல்லூரியிலும் சேர்ந்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. இப்படி நினைத்தவுடனே முத்துப்பேச்சி மனசுக்குள் வந்து நின்றாள். தங்கச்சிக்காரி நல்ல நேரம் பார்த்துத்தான் வருவாள், போன் பண்ணினாலும் அப்படித்தான், அடுப்பில் எண்ணெய் காய்கிற நேரமாகப் பார்த்துப் பண்ணுவாள். அவளும் பன்னிரண்டாவதில் வேதியியலில்தான் தோற்றுப்போனாள், நாலு மதிப்பெண் குறைவில். அப்போதும் மறுதேர்வு இருந்தது, செப்டம்பரில், இல்லாமலா போயிற்று? ஆனால் முடிவு வந்த அன்றைக்கு அய்யா முற்றத்தில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “ஒருத்தி படிச்சாப் போதும், இன்னொருத்தி பொழைக்கட்டும்” என்றார், ஆனி மாசம் சாத்தூர் மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போனார், ஆவணியில் கல்யாணம், செப்டம்பரில் தேர்வு நடந்த அன்றைக்கு அவள் மாமியார் வீட்டில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிறாள். ஒரே அம்மா ஒரே அய்யா, ஒரே சட்டிச் சோறு, ஒரே விளக்கு, எண்ணிக்கை எல்லாம் ஒன்றுதான், சேர்ந்த விதம்தான் வேறு. நாலு கார்பன் ஆல்கஹாலில் ஒன்று நூற்றுப் பதினேழு டிகிரியில் கொதிக்கும், இன்னொன்று எண்பத்திரண்டிலேயே கொதித்துவிடும், அதே அணுக்கள்தான் என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் அவள் முத்துப்பேச்சியை நினைத்ததே இல்லை. நினைத்திருந்தால் பாடம் நடத்தியிருக்க முடியாது. போன பொங்கலுக்கு வந்தபோது அவள் கேட்டாள், சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். “யக்கா, நீ திருத்துத பேப்பருல என்ன மாதிரி எத்தன பேரு இருக்காளுக?” “போடி, அதெல்லாம் நம்பருதான் இருக்கும், பேரு இருக்காது” என்றாள் இவள். “அதுவும் நல்லதுதான். பேரு இருந்தா ஒனக்குக் கை வராதுல்லா?” கை வந்தது, பேச்சி. நல்லா வந்தது.

அந்தப் பிள்ளை பையனா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. தெரியாததால்தான் அது ஆளுக்கொரு முகமாக மாறி மாறி வருகிறது, ஒரு தரம் ரெட்டைச்சடை, ஒரு தரம் மீசை அரும்பின பையன், ஒரு தரம் யாருமே இல்லை, ஸ்கேல் பிடித்த கை மட்டும். அந்த இரண்டை அழித்து மறுபடி எழுதியிருக்கிறது. அப்படியானால் எண்ணிப் பார்த்திருக்கிறது. ஹைட்ரஜன் பத்து வருகிறதா என்று விரல் விட்டு எண்ணி, மூன்று போட்டிருந்ததை இரண்டாக்கியிருக்கிறது. புத்தகத்தைப் பார்த்து ஒப்பிக்கிற பிள்ளை அப்படி எண்ணாது. பாடப்புத்தகத்தில் அந்த மூலக்கூறு படுத்துத்தான் இருக்கும், எல்லாப் பிள்ளைகளும் அப்படியேதான் வரையும், இந்த ஒன்றுதான் தானாக யோசித்து, நாலாவது கார்பனை எங்கே வைக்கலாம் என்று தேடி, நடுவில் தொங்கவிட்டிருக்கிறது. ஐந்து நாளில் அவள் திருத்திய நூற்றுச் சொச்சம் தாள்களில் வேதியியல் தெரிந்து எழுதிய ஒரே விடை அதுதானோ என்னவோ. அதைத் தேடிப் பிடித்து அடித்திருக்கிறாள். அவளுக்குத் தன் மேல் வந்த ஆத்திரத்தில் பத்தாவது தாளின் மதிப்பெண்களைக் கூட்டியதில் இரண்டு தரம் இரண்டு விடை வந்தது. “என்ன டீச்சர், வேர்த்துக் கொட்டுது, பிரஷரா?” என்றாள் ஜெபக்கனி, நேற்றைய கடியை மறந்துவிட்டு. “வெயிலு” என்றாள் சந்தனமாரி. சொல்லிவிடலாமா இவளிடம்? சொன்னால் ஐயோ என்பாள், ஏசப்பா என்பாள், சாயங்காலத்துக்குள் ஹால் முழுக்கத் தெரிந்துவிடும். வேண்டாம். பதினொன்று, பன்னிரண்டு. பன்னிரண்டாவது தாளில் ஒருவன் ஈதரை வரைந்து வைத்திருந்தான், அதே வாய்பாடுதான், ஆனால் கேட்டது ஆல்கஹால், கொடுக்க முடியாது. அவள் அந்தத் தாளை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள், வேறு எதுவுமாகவும் ஆகவில்லை, தப்பு தப்புதான். ஆனாலும் ஒரு மதிப்பெண் போட்டாள். போட்டுவிட்டு, இது யாருடைய மதிப்பெண் என்று தோன்றியதும் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

கட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். சாப்பாட்டு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம். சொல்லிவிடப் போகிறோம் என்று பாதி தூரம் வரைக்கும் அவளுக்கு நிச்சயமாக இருந்தது. தனுஷ்கோடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான், தலை முழுக்க நரைத்துவிட்டது, சாயம் அடிக்கிறதை எப்போது விட்டான் என்று தெரியவில்லை.

“சார், நேத்து ஒரு பதினாலு காட்டுனேம்லா.”

“ஆமா மேடம். கையெழுத்துப் போட்டனே.”

“அதுல மூணாவது அமைப்பு சரி சார். கீழ தொங்கவிட்டு வரைஞ்சிருந்துச்சு. நாந்தான் கவனிக்காம அடிச்சிட்டேன்.”

அவன் கண்ணாடியைப் போடவில்லை. ஒரு துண்டுத் தாளை எடுத்து, மூன்று கார்பன் வரிசையாக எழுதி, நடுவில் ஒன்றைத் தொங்கவிட்டு, ஓஹெச் போட்டான். முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தான். ஒரு நொடிதான். பிறகு அந்தத் துண்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

“ரெண்டு பேரும்தான் எழுதிக் குடுக்கணும் மேடம். நானும் பாத்ததாத்தான கையெழுத்து.”

“தெரியும் சார்.”

“பட்டியல் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

பின்னால் பெஞ்சுகள் இழுபடுகிற சத்தம், டிபன் டப்பாக்கள் திறக்கிற சத்தம். அவன் குரலைத் தாழ்த்தினான், அதில் மேடம் இல்லை.

“ஏதும் வந்தா அப்பப் பாத்துக்கிடலாம். பிள்ள விடைத்தாள் நகல் கேக்கும், மறுமதிப்பீடு போடும், அப்ப ஒரு மார்க் தானா ஏறிரும். அதுக்கு யாரும் பெருசா ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

“பதினாலு வாங்குன பிள்ள நகல் கேக்குமா?”

“கேக்காது” என்றான் தனுஷ்கோடி. “இத்தன வருசத்துல நான் பாத்ததில்ல. தொண்ணூத்தேழு வாங்குனதுதான் கேக்கும், ஏன் நூறு வரலைன்னு. பதினாலு வாங்குனது நாம போட்டது சரின்னு நம்பிரும்.”

அவன் அதை ஆறுதலாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு, நியாயத்துக்குக் குறை வைக்கக்கூடாது என்பதைப் போல, மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினான். “எழுதுறதுன்னா எழுதுங்க மேடம். நான் தடுக்க மாட்டேன். நானும் கீழ எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்.” நிஜமாகவே போடுவான் என்று அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் அவனை வெறுத்ததற்கு இனி உருப்படியான காரணம்கூட இல்லை. தாள் மேசை மேல் கிடந்தது, மின்விசிறிக் காற்றில் ஒரு ஓரம் தூக்கித் தூக்கி விழுந்தது. ஐந்து வரி போதும். தேதி, பெயர், கட்டு எண், அடித்த விடை, கையெழுத்து. அவள் பேனா மூடியைக் கழற்றக்கூடச் செய்தாள். அப்போது மணி அடித்தது.

“சாப்பிட்டுட்டு வந்து எழுதுறேன் சார்.”

“சரி மேடம். சாப்பிடுங்க மொதல்ல.”

அவள் திரும்புவதற்கு முன்பே அவன் தாளை எடுத்து இழுப்பறைக்குள் போட்டுவிட்டான்.

ஜெபக்கனி இடம் பிடித்து வைத்திருந்தாள், தேங்காய்த் துவையலும் சேனைக்கிழங்கு வறுவலும் கொண்டுவந்திருந்தாள். சந்தனமாரி டப்பாவைத் திறந்தாள். முதல் வாயைப் பிசைந்துவிட்டுத் திரும்ப டப்பாவிலேயே வைத்தாள். தண்ணீர் மட்டும் குடித்தாள். எங்கோ ஒரு வீட்டில் அந்தப் பிள்ளை செல்போனில் எண்ணைத் தட்டிப் பதினாலைப் பார்க்கும், நமக்கு இந்தப் பாடம் வராது என்று நினைத்துக்கொள்ளும், தொங்கவிட்ட கார்பனைப் பற்றி யாரிடமும் கேட்காது. நம்பிவிடும். அது நம்பிவிடும் என்று உறுதியான பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கியது.